பெற்றோரின் நடையும் பிள்ளைகளின் ஓட்டமும்

மும்பை மாநகரின் கிழக்குக் கோடியில், சயான் - ட்ராம்பே சாலை உப்பங்கழியை நெருங்கும் இடத்தில், சீத்தா கேம்ப் என்னும் குடியிருப்பு இருக்கின்றது. தமிழகத்திலிருந்து வந்த இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும், பிற மொழியாளரோடு கலந்து, அங்கே வாழ்ந்து வருகின்றனர். மாலை ஆறு மணிக்கு அங்குள்ள சந்து ஒன்றில் நுழைவோம். சந்து என்று நாம் சொல்லுவதை மும்பைத் தமிழர் 'கல்லி' என்பர். இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் தோளைத் திருப்பிக்கொண்டு ஒதுங்க வேண்டிய அகலம், இருபுறமும் வாயிற்படிகள். படிதோறும் ஒரு பிள்ளை. பிள்ளையின் கையில் ஒரு கைபேசி. உள்ளே தாய் அடுப்பருகில் நிற்கின்றாள். வேலையிலிருந்து திரும்பிய தந்தை சுவரில் சாய்ந்தபடி மற்றொரு கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றார். "எந்நேரமும் இதையே பார்க்கிறாயே, வெளியே போய் விளையாடேன்" என்கின்றார் தந்தை. பிள்ளை தலையை நிமிர்த்தாமலே, "எங்கே போக?" என்று கேட்கின்றது.

பிள்ளை துடுக்காகப் பேசுகின்றது என்று சிலர் சினம் கொள்ளக் கூடும். நமக்கோ அது நியாயமான கேள்வியாகவே படுகின்றது. இக்குடியிருப்பு பிறந்தபோதே இடநெருக்கடியும் உடன் பிறந்தது. பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தை ஒட்டி முன்பு ஜனதா காலனி என்றொரு குடியிருப்பு இருந்தது. நெருக்கடி நிலை நடப்பிலிருந்த 1976-ஆம் ஆண்டில் அதனை இடித்துத் தள்ளி, அங்கிருந்த ஏறத்தாழ 70,000 மக்களை அப்புறப்படுத்தினர். சதுப்பு நிலத்தில் அவர்களுக்கு மாற்றிடம் கிடைத்தது. குடும்பத்திற்குப் பத்தடிக்குப் பதினைந்தடி மனை. அதுவே இன்றைய சீத்தா கேம்ப். பின்னர்ப் பிள்ளைகள் வளர்ந்தனர், மருமக்கள் வந்தனர், பல வீடுகளின்மேல் இன்னொரு தளம் எழும்பிற்று, அதற்கு ஏற இரும்பு ஏணியும் வந்தது. நிலம் மட்டும் வளரவில்லை.

ஜனதா காலனியைக் காக்கப் போராடியவர்களுள் முன்நின்றவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்க வயலில் பிறந்த தமிழர், குடிசைவாழ் மக்களின் உரிமைக்காக உழைத்து, 2000-இல் மகசேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றவர், 2018-இல் மறைந்தார். அவரது இளமைக்கால நிகழ்ச்சியொன்று நம் பொருளுக்கு வேண்டியது. காலனியில் குப்பையை அள்ளுவார் இல்லை. அவர் பிள்ளைகளைத் திரட்டினார். உல்லாசப் பயணம் போவதுபோல் அழைத்துச் சென்றார். ஒவ்வொரு பிள்ளையும் செய்தித்தாளில் பொதிந்த குப்பைப் பொட்டலம் ஒன்றைச் சுமந்து நடந்து, நகராட்சி அலுவலகத்தின் முன்னே போட்டுவிட்டு வந்தது. அதன் அரசியலை விட்டுவிடுவோம். ஒரு பெரியவர் முன்னே நடந்தார், பிள்ளைகள் கூட்டமாகப் பின்னே நடந்தனர் என்பதையே நாம் இங்கு எடுத்துக்கொள்ளுகின்றோம். அன்று நடந்த பிள்ளைகள் இன்று பாட்டன் பாட்டியர். அவர்களுள் எத்தனை பேர் மாத்திரைப் பையும் கையுமாக மருத்துவமனை வரிசையில் நிற்கின்றனர் என்பதைப் பார்த்தால், அவர்கள் நடந்த நடை நம் தலைமுறைக்குள் எங்கே நின்று போயிற்று என்று எண்ணத் தோன்றும்.

இந்தியாவில் நீரிழிவு நோயாளர் தொகை 10 கோடியைக் கடந்துவிட்டது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வொன்று 2023-இல் தெரிவித்தது. வயது வந்தோரில் நூற்றுக்கு 11 பேருக்கு மேல் என்பது அதன் கணக்கு. கிராமத்தினும் நகரத்தில் மிகுதி. "நாங்கள் ஒல்லியான உடம்பினர், எங்களுக்கு எங்கே சர்க்கரை வரப் போகின்றது?" என்று கூறுவார் உண்டு. அவர்கள் பூனா கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக் அவர்களின் ஆய்வை அறிதல் நன்று. பூனாவை அடுத்த சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தில் பிறந்த குழந்தைகளோடு அவர் ஒப்பிட்டார். நம் குழந்தையின் எடை சராசரி 2.7 கிலோ, ஆங்கிலக் குழந்தையின் எடை 3.5 கிலோ. அவ்வளவு மெலிந்திருந்தும் நம் குழந்தையிடத்தில் தசை குறைந்திருந்ததே அன்றிக் கொழுப்பு அந்த அளவிற்குக் குறையவில்லை. 2004-ஆம் ஆண்டில் அவர் தம் உடம்பையே சான்றாகக் காட்டினார். அவருக்கும் யுட்கின் என்னும் ஆங்கிலேய மருத்துவருக்கும் உயரத்திற்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே, 22.3. ஆயினும் ஆங்கிலேயர் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, நம்மவர் உடலில் 21.2 விழுக்காடு. அந்த ஆங்கிலேயர் நெடுந்தொலைவு ஓட்டக்காரர் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எடை பார்க்கும் பொறி நம்மை ஏமாற்றும் என்பது இதனால் விளங்கும். இடுப்பைச் சுற்றி நூல் பிடித்துப் பாருங்கள். ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரும் மகளிர்க்கு 80 சென்டிமீட்டரும் கடந்தால், மெலிந்த கையையும் காலையும் கண்டு மகிழ்வதற்கில்லை.

நடப்பதனால் இதற்கு என்ன பரிகாரம் என்று கேட்கலாம். உண்ட சோறு சர்க்கரையாக மாறி இரத்தத்தில் சேருகின்றது. அதனை உடலின் அணுக்களுக்குள் புகவிடும் திறவுகோல் இன்சுலின். நீரிழிவில் அத்திறவுகோல் மழுங்கிப் போகின்றது, அல்லது போதிய அளவு கிடைப்பதில்லை. ஆனால் உழைக்கும் தசைக்கு வேறொரு வாயிலும் உண்டு. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினை எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளுகின்றது. நடை நின்ற பின்னும் சில மணி நேரம் இந்த நன்மை நீடிக்கின்றது. இரவு உணவுக்குப் பின் கால் மணி நேரம் நடந்து வந்தாலே அன்றைய சர்க்கரையின் ஏற்றம் தணியும்.

இதய நோயைப் பற்றி, மும்பைவாசிகள் எளிதில் புரிந்துகொள்ளக் கூடிய ஆய்வு ஒன்று உண்டு. இலண்டன் மாநகரின் இரண்டடுக்குப் பேருந்துகளில் வேலை பார்த்த ஓட்டுநரையும் நடத்துநரையும் ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவர் ஆராய்ந்து, 1953-இல் முடிவை வெளியிட்டார். இருவரும் ஒரே வண்டியில் செல்பவர். ஒரே வகைக் குடும்பத்தினர். ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவர். நடத்துநரோ சீட்டுக் கொடுப்பதற்காக நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 படிகள் ஏறுபவர். மாரடைப்பு ஓட்டுநர்க்கே மிகுதி. நடத்துநர்க்கு ஏறக்குறையப் பாதிதான். பம்பாயிலும் 1937 முதல் இரண்டடுக்குப் பேருந்து ஓடிற்று. பழைய டீசல் வண்டிகளில் கடைசியானது 2023 செப்டம்பரில் ஓய்வு பெற்றது. அவ்வண்டியின் வளைந்த படியில் ஏறியிறங்கிய நடத்துநரைப் பார்த்திருக்கும் நமக்கு இலண்டன் ஆய்வு அயலாகத் தோன்றாது. உடற்பயிற்சி என்றால் கர்லாக் கட்டையும் பயிற்சிக்கூடக் கட்டணமும் என்று நினைப்போர், அந்த நடத்துநர் எந்தப் பயிற்சிக்கூடத்திற்கும் செல்லவில்லை என்பதைக் கருத வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த அளவு இது: வயது வந்தோர்க்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அதனுடன் வாரத்தில் இரு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, ஐந்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் சராசரி ஒரு மணி நேரம், மூச்சு வாங்கும் ஆட்டம். மிதமான உழைப்பு என்பதை அறியக் கருவி எதுவும் வேண்டா. நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியாதிருக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் சில தாய்மார்கள் நகைப்பர் என்பதை நாம் அறிவோம். "குடம் தூக்குகிறேன், நாலு வீட்டில் பாத்திரம் துலக்குகிறேன், இதற்கு மேல் நடக்கவும் வேண்டுமா?" அவர்கள் கேட்பது சரியே. அவ்வுழைப்பும் கணக்கில் சேரும். பகலெல்லாம் மூட்டை சுமப்பவர்க்கு மாலையில் தேவைப்படுவது ஓய்வே. அவரைப் பார்த்து ஓடு என்று நாம் கூறவில்லை. நம் பேச்சு ஆட்டோ ஓட்டுநருக்கும், தையல் எந்திரத்தின் முன் பத்து மணி நேரம் இருப்பவருக்கும், வீட்டிலிருந்தபடியே கூலிக்குக் கைவேலை செய்யும் பெண்களுக்கும், கடைக் கல்லாவில் அமர்ந்திருப்பவருக்கும் உரியது. களைப்பு வேறு, உழைப்பு வேறு. மாலையில் இவர்கள் களைத்திருப்பது மெய். ஆனால் கால்கள் அசைந்திருக்கமாட்டா.

இனிப் பிள்ளைகளுக்கு வருவோம். அமெரிக்காவில் ஃபிராமிங்காம் என்னும் ஊரில் தலைமுறைகளாக நடந்துவரும் இதய ஆய்வின் கிளையாக, நான்கு முதல் ஏழு வயது வரையுள்ள நூறு குழந்தைகளையும் அவர்தம் பெற்றோரையும் ஆராய்ந்தனர். அசைவை அளக்கும் சிறு கருவியை எல்லோருக்கும் அணிவித்து அளந்தனர். முடிவு 1991-இல் வெளியாயிற்று. தாய் சுறுசுறுப்பாயின், பிள்ளையும் அவ்வாறு இருக்கும் வாய்ப்பு இரு மடங்கு. தந்தை சுறுசுறுப்பாயின் மூன்றரை மடங்கு. இருவருமே அத்தகையராயின் ஏறக்குறைய ஆறு மடங்கு. நூறு குழந்தைகளை வைத்துக்கொண்டு உலகத்துக்கெல்லாம் சட்டம் இயற்ற முடியாதுதான். ஆயினும் சுவரில் சாய்ந்திருந்து "போய் விளையாடு" என்று கட்டளையிட்ட நம் தந்தையை இக்கணக்கு சற்றே நிமிர்ந்து உட்காரச் செய்ய வேண்டும். பிள்ளை காதால் கேட்பதினும் கண்ணால் கண்டதைச் செய்வது.

நமக்குத் தெரிந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், வயது முப்பத்தெட்டு. காலில் பட்ட புண் ஆறவில்லை என்று மருத்துவரிடம் சென்றவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. மருந்தோடு, புண் ஆறியதும் தினம் அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்றும் உத்தரவாயிற்று. மனிதருக்கு வெட்கம். தெருவில் எல்லோரும் தெரிந்தவர்கள், காரணமில்லாமல் நடப்பவனைக் கண்டால், "என்ன பாய், வண்டி கெட்டுப்போச்சா?" என்று கேட்பார்கள். ஆகவே இருட்டிய பிறகு நடந்தார். மூன்றாம் நாள் ஒன்பது வயது மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "நானும் வாரேன் வாப்பா." அழைத்துப் போனார். ட்ராம்பே படகுத்துறைப் பக்கம் போய்த் திரும்புவது வழக்கமாயிற்று. மகள் நேரே நடப்பவள் அல்லள். முன்னே ஓடுவாள், நிற்பாள், திரும்பி ஓடி வருவாள். அவர் ஒரு பங்கு நடந்தால் அவள் இரு பங்கு ஓடியிருப்பாள். ஒரு மாதத்தில் அடுத்த வீட்டுச் சிறுவர் இருவர் சேர்ந்தனர். இப்போது மழை தூறினாலும், 'இன்று வேண்டாம்' என்று சொல்ல அவருக்கு வாய் வருவதில்லை, பிள்ளைகள் விடுவதில்லை. வெட்கம் எப்போது போயிற்று என்று கேட்டோம். பிள்ளைகள் கூட வரும்போது யாரும் காரணம் கேட்பதில்லை என்றார்.

சர்க்கரை உள்ளவர்கள் இவரைப் போல் நடக்கத் தொடங்குமுன் இரண்டொன்றைக் கவனிக்க வேண்டும். வெறுங்காலோடு நடக்கலாகாது, பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் தைத்ததும் தெரியாது. வீடு திரும்பியதும் உள்ளங்காலைப் பார்த்தல் நன்று. இன்சுலின் போடுபவரும், சர்க்கரையை இறக்கும் சில வகை மாத்திரை உண்பவரும், மயக்கம் வந்தால் வாயிலிடச் சிறிது சர்க்கரையைப் பையில் வைத்திருக்க வேண்டும். நடக்கும்போது மார்பை இறுக்கினாலோ, வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, அது வாயு என்று தாமே தீர்ப்புக் கூறிக்கொண்டு சோடா குடித்தல் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். நெடுநாள் அசையாதிருந்தவர் முதல் வாரம் பத்து நிமிடம் நடந்தால் போதும்.

ஓடி விளையாட இடம் இல்லை என்பதற்கு என்ன செய்வது? சடுகுடுவிற்குக் களம் வேண்டும்; கிரிக்கெட்டுக்கு அதனினும் பெரிய மைதானம் வேண்டும். ஆனால் நம் பாட்டிமார் ஆடிய ஆட்டங்கள் பலவற்றிற்குச் சந்தே போதும். பாண்டி ஆட ஓர் ஆள் அகலமும், சுண்ணக்கட்டித் துண்டும், ஓட்டுச் சில்லும் இருந்தால் ஆயிற்று. நொண்டி ஆட்டத்தை மராத்தியர் 'லங்டி' என்பர். அடுத்த வீட்டு மராத்திப் பிள்ளைக்கு அதைக் கற்பிக்க வேண்டுவதில்லை. பச்சைக்குதிரையும் கயிறு தாண்டுதலும் அத்தகையனவே. ஒற்றைக் காலில் குதிப்பதும் தாண்டுவதும் எலும்பிற்கு உரமிடுவன. எலும்பின் பலம் பெரும்பாலும் இருபது வயதிற்குள்ளும் அதை ஒட்டியும் சேர்த்து வைக்கப்படுவது. பிற்காலத்தில் நாம் எடுத்துச் செலவிடும் முதல் அதுவே.

சந்தில் ஆடும் பிள்ளைகளுக்குப் பகை இரண்டு: ஒன்று, சத்தம் போடாதே என்னும் பெரியவர், மற்றொன்று மோட்டார் சைக்கிள். ஒரு சந்திலுள்ளோர் கூடிப் பேசி, மாலை ஆறு முதல் ஏழு வரை வண்டியை ஓட்டாமல் தள்ளிக்கொண்டு வருவது என்று முடிவு செய்தால் என்ன? அரசாங்கத்தின் அனுமதி வேண்டா. ஒரு பைசாச் செலவும் இல்லை. வாசலில் இரு பெரியவர்கள் நாற்காலி போட்டு அமர்ந்தால் அதுவே காவல். அவ்விருவரும் எழுந்து நின்று கயிற்றின் இரு முனையையும் பிடித்துச் சுழற்றினால் இன்னும் சிறப்பு.

வெளியே ஆடுவதில் கண்ணுக்கும் இலாபம் உண்டு. சீனத்தின் குவாங்சௌ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாகத் திறந்த வெளியில் கழிக்க ஏற்பாடு செய்தார்கள். மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது, கிட்டப்பார்வைக் குறை புதிதாக வந்தவர் அப்பிள்ளைகளிடையே 30 விழுக்காடு. வழக்கப்படி இருந்த பள்ளிகளில் 39 விழுக்காட்டுக்கு மேல். 2015-இல் வெளியான முடிவு இது. பகல் வெளிச்சமே இதற்குக் காரணம் என்று கருதுகின்றனர். மூக்குக் கண்ணாடியின் விலையை அறிந்த பெற்றோர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

பெண் குழந்தைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பத்து வயது வரை நொண்டியாடிய பெண், பன்னிரண்டு வயதில் திடீரென்று வாசற்படியோடு நின்று விடுகின்றாள். "வயது வந்த பெண் குதிக்கலாமா?" என்ற ஒரு சொல்லே வேலி. அச்சத்திற்குக் காரணமே இல்லை என்று நாம் வாதிக்கவில்லை. ஆனால் அவ்வேலியின் விலையை முப்பது வயதில் அவள் உடம்பு கொடுக்கின்றது. தாணேயை அடுத்த மும்ப்ராவில் பர்ச்சம் என்னும் பெண்கள் குழுவினர் இளம்பெண்களைக் காற்பந்து ஆடச் செய்தனர். ஹிஜாப் அணிந்த பெண்களும் ஆடினர். மைதானத்தில் தங்களுக்கும் இடம் வேண்டும் என்று கேட்டுப் போராடினர். அவ்வளவு தூரம் போக எல்லாக் குடும்பத்தாராலும் இயலாமற் போகலாம். நான்கு தாய்மார்கள் சேர்ந்து நடக்கக் கிளம்புதல் எல்லோராலும் ஆகும். தாயர் நால்வர் நடுவில் செல்லும் பெண்ணை எவரும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை. பாதுகாப்புக்குப் பாதுகாப்பும் ஆயிற்று. தாய்க்கு அரை மணி நேரம் வாய்விட்டுப் பேச வாய்ப்பும் ஆயிற்று.

செம்பூர் - ட்ராம்பே வட்டாரத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் உள. தேவனார்க் குப்பை மேடும் தொலைவில் இல்லை. 2016 ஜனவரியில் அம்மேடு பற்றியெரிந்த நாட்களை இங்குள்ளோர் மறந்திருக்கமாட்டார்கள். குளிர் மாதங்களின் விடியற்காலையில் புகை தரையோடு படிந்து நிற்கும். அதிகாலை நடையே சிறந்தது என்று ஊரில் பெரியோர் கூறியது ஊர்க் காற்றுக்குப் பொருந்தும். இங்கே அந்நாட்களில், வெயில் ஏறிப் புகை கலைந்த பின்னரோ மாலையிலோ நடப்பதே நன்று. கண் எரிந்து தொண்டை கரகரக்கும் நாளில் வீட்டுக்குள் இருப்பதே விவேகம்; ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இது மிகவும் முக்கியம்.

ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை மழை. சந்தில் தண்ணீர் நிற்கும். பாண்டிக் கோடும் அழிந்து போகும். அப்போது பத்தடிக்குப் பதினைந்தடிக்குள்தான் எல்லாம் நடக்க வேண்டும். பிள்ளையாருக்கு முன் போடுகிற தோப்புக்கரணம் தொடைக்கும் இடுப்புக்கும் தேர்ந்த பயிற்சி. எம்மதத்தினரும் அதனை உடற்பயிற்சியாகக் கொள்ளலாம். தந்தையும் பிள்ளையும் எதிரெதிரே நின்று பத்துப் பத்தாகப் போட்டு, யார் முதலில் ஓய்கிறார் என்று பார்க்கலாம். பெரும்பாலும் தந்தையே ஓய்வார், பிள்ளைக்கு அதைவிடப் பெரிய மகிழ்ச்சி இல்லை. கையூன்றாமல் தரையில் அமர்ந்து கையூன்றாமல் எழுந்திருத்தல் மற்றொரு போட்டி. மேல்தளம் உள்ள வீட்டில் இரும்பு ஏணியும் இருக்கின்றது. சிறுவர் அதில் ஏறியிறங்கும்போது பெரியவர் ஒருவர் கீழே நின்று பிடித்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் படி வழுக்கும். ஈரத்துணியைத் துடைத்துப் போட்ட பிறகே ஏற விடலாம்.